ஒரு சுவிச், ஒரு மணிக்கூடு

ராஸ்பெரி பை 5 என்ற சின்னக் கணினிப் பலகையின் ஓரத்தில், நிலைகாட்டும் விளக்குக்குப் பக்கத்தில், நகத்தால் அழுத்தக்கூடிய அளவில் ஒரு சுவிச் இருக்கிறது. முதலாவது பை 2012 பெப்ரவரி 29இல் விற்பனைக்கு வந்தது. ஐந்தாவது தலைமுறையை 2023 செப்ரெம்பர் 28இல் அறிவித்தார்கள். இடைப்பட்ட பதினொரு வருடங்களில் பலகையாக வந்த எந்தப் பைக்கும் சுவிச் கிடையாது. வயரைச் செருகினால் ஓடும், பிடுங்கினால் நிற்கும். அவ்வளவுதான்.

புதுப் பலகையைப் பற்றி எழுதிய எல்லோரும் வேகத்தைத்தான் எழுதினார்கள். அதில் பிழை சொல்ல முடியாது. பை 4இல் இருந்த கோர்டெக்ஸ்-ஏ72 கருக்கள் நான்கும் 1.5 கிகாஹேர்ட்ஸில் தொடங்கிப் பின்னர் 1.8 வரை போயின. பை 5இல் கோர்டெக்ஸ்-ஏ76 கருக்கள் நான்கு, 2.4 கிகாஹேர்ட்ஸில் ஓடுகின்றன. சிப்பும் 28 நானோமீற்றரிலிருந்து 16க்கு இறங்கியிருக்கிறது. வேலையைப் பொறுத்து இரண்டு தொடக்கம் மூன்று மடங்கு வேகம் என்று இதை வடிவமைத்த கேம்பிரிட்ஜ்காரர் சொன்னது உண்மைதான். ஆனால் யாழ்ப்பாணத்துப் புளியங்கூடலில் இருந்துகொண்டு தீவக வாசிகசாலைகளுக்கு இந்தப் பெட்டிகளைப் பூட்டிக் கொடுத்து, பழுதானால் திருத்தியும் வருகிற எனக்கு வேகம் மூன்றாவது இடத்தில்தான் வருகிறது. முதலாவது சுவிச். இரண்டாவது மணிக்கூடு.

பெட்டி என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். கிவிக்ஸ் என்றொரு இலவச மென்பொருள் இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே கோப்பாக்கி, இணையமே இல்லாமல் வாசிக்கத் தரும். அதோடு புலமைப்பரிசில், சாதாரண தரக் கடந்தகால வினாத்தாள்கள், நூலகம் நிறுவனம் வெளியிட்ட மின்னூல்களில் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தேவையானவை, கொஞ்சம் பாடக் காணொளி. இவையெல்லாம் பைக்குள். பையிலிருந்து ஒரு கேபிள் மலிவான ரவுட்டருக்குப் போகும். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் வீட்டு ஃபோனையோ பழைய டாப்லெட்டையோ கொண்டுவந்து, டேட்டா போடாமல் வாசிப்பார்கள். பையிலேயே வைஃபை இருக்கிறதே, ரவுட்டர் எதற்கு என்று கேட்பார்கள். நாலைந்து ஃபோனுக்கு அது தாங்கும். ஒரு வகுப்பே ஒரேயடியாக இணைந்தால் தாங்காது.

இந்தப் பெட்டியைக் கொண்டுபோய் வைத்த இடமெல்லாம் முதலில் கேட்டது ஒரே கேள்விதான். அதுவும் பிள்ளைகள் கேட்பதில்லை, வாசிகசாலைத் திறப்பை வைத்திருக்கிற பெரியவர்தான் கேட்பார்.

“தம்பி, இதுக்குச் சுவிச் எங்கை?”

“சுவிச் இல்லை ஐயா.”

“அப்ப என்னெண்டு நிப்பாட்டுறது?”

ஃபோனில் இந்தப் பக்கத்துக்குப் போய், இதை அழுத்தி, விளக்கு அணையும்வரை பார்த்திருந்து, பிறகு பிளக்கைக் கழற்றுங்கோ என்று சொல்லிக் கொடுப்பேன். தலையாட்டுவார். ஆறு மணிக்கு வாசிகசாலையைப் பூட்டும்போது சுவரிலுள்ள மெயின் சுவிச்சைத் தட்டிவிட்டுப் போவார். அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. மின்விசிறியை, ரேடியோவை, பம்பை எப்படி நிற்பாட்டுகிறாரோ அப்படித்தான் இதையும் நிற்பாட்டினார்.

பிரச்சினை மெமரி கார்ட்டில். உள்ளே இருக்கிற சின்னக் கட்டுப்பாட்டுச் சிப் எழுதிய தரவை ஓரிடத்தில் விட்டுவைக்காது. கார்ட் சீராகத் தேயட்டும் என்று ஓயாமல் இடம்மாற்றிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் கரண்ட் நின்றால், நாங்கள் எழுதாத, தொடவே தொடாத கோப்பும் சேர்ந்து சிதையலாம். அடுத்தநாள் பெட்டி எழும்பாது. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒருநாளைக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டுப் போன காலத்தில், எழும்பாத கார்ட்டுகளைத் திரும்ப எழுதிக் கொடுப்பதே எனக்குத் தொழிலாகிப் போனது.

பை 5இல் அந்தச் சுவிச்சை ஒருதரம் அழுத்தினால், டெஸ்க்டொப் இல்லாமல் ஓடும் பெட்டியானால், திறந்திருக்கும் கோப்புகளை எல்லாம் ஒழுங்காக மூடி நிற்கும். திரும்ப அழுத்தினால் எழும்பும். அதைவிட வடிவான விசயம் ஒன்று உண்டு. மணிக்கூட்டுப் பற்றரி செருகுமிடத்துக்கும் பலகை ஓரத்துக்கும் நடுவே இரண்டு சின்னத் துளைகள். அவற்றில் இரண்டு வயரைப் பற்றவைத்து வெளியே எடுத்தால், எங்கள் சுவிச்சை நாங்களே பூட்டலாம். நான் பூட்டுவது வாசல் கோலிங் பெல்லின் சுவிச். எந்த மின்சாமான் கடையிலும் இருக்கும், அழுத்தும்போது மட்டும் இணைகிற வகை, உள்ளங்கை முழுக்க வைத்து அழுத்தலாம். பெட்டி மூடியில் துளைபோட்டு அதை இறுக்கி, பக்கத்தில் ‘நிற்பாட்ட’ என்று எழுதி ஒட்டியதிலிருந்து, பெரியவர் மெயினைத் தட்டுவதற்கு முன்னம் இதை அழுத்துகிறார். மின்வெட்டை இது தடுக்காது. அதற்குத்தான் பெட்டிக்கு மின் கொடுக்கிற பற்றரி. ஆனால் மாலைக்கு மாலை நடந்துகொண்டிருந்த சேதம் நின்றுவிட்டது.

இனி மணிக்கூடு. பழைய பைகளுக்கு நேரமே தெரியாது. இணையம் இருந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ளும். இல்லாவிட்டால், மணிக்கொரு தடவை நேரத்தை ஒரு கோப்பில் குறித்துவைத்து, திரும்ப எழும்பும்போது அந்தக் குறிப்பிலிருந்து தொடரும். வெள்ளிக்கிழமை நின்று திங்கட்கிழமை எழும்பினால், அதற்கு இன்னும் வெள்ளிக்கிழமைதான். வாசிக்கிற பிள்ளைக்கு இதனால் நட்டமில்லை. ஆனால் எந்தப் பிள்ளை எந்த நாள் எந்த வினாத்தாளைச் செய்தது என்ற பதிவு முழுக்கக் குழம்பும். புதுக் கோப்பு எது, பழையது எது என்று திகதி பார்த்து முடிவெடுக்கிற பிரதியெடுப்பும் குழம்பும். இதற்காக டிஎஸ்3231 சிப் வைத்த சின்ன நீலப் பலகையை முனைகளில் செருகி வந்தோம். அதில் ஒரு வில்லங்கம் இருந்தது. அந்த நீலப் பலகை தனக்குள் இருக்கும் பற்றரியைச் சார்ஜ் பண்ணப் பார்க்கும். நாங்கள் போடுவதோ சார்ஜ் ஏற்றக்கூடாத சிஆர்2032. அதனால் அதிலுள்ள ஒரு டயோட்டையோ ரெசிஸ்டரையோ கழற்றிவிட்டுத்தான் பாவிக்க வேண்டும்.

பை 5இல் மணிக்கூடு பலகையிலேயே வந்துவிட்டது, பற்றரிக்கு இரண்டு முனைச் செருகி மட்டும். சார்ஜ் ஏற்றுவதும் நாங்களாகச் சொன்னாலொழியத் தொடங்காது. யாரோ அந்த நீலப் பலகையோடு பாடுபட்டவர்தான் இதை வடிவமைத்திருக்க வேண்டும் என்று எனக்கொரு எண்ணம்.

மணிக்கூடு வந்ததால் எதிர்பாராத ஒன்றும் கிடைத்தது: எழுப்பும் மணி. பின்னேரம் இரண்டு மணிக்கு எழும்பு என்று சொல்லிவிட்டு நிற்பாட்டினால், அந்த நேரத்துக்குத் தானாக எழும்பும். ஆனால் இதில் கவனிக்க ஒன்றிருக்கிறது. நிற்பாட்டிய பிறகும் பை 5 வாங்கியபடியே இருந்தால் முழுதாகத் தூங்குவதில்லை, ஒன்று முதல் ஒன்றரை வாட் வரை குடித்துக்கொண்டே இருக்கும். தொடக்க மென்பொருளின் அமைப்பில் ஒரு வரியை மாற்றினால்தான் உண்மையாக அணையும். ஒன்றரை வாட் பெரிய விசயமா என்றால், சோலரில் ஓடுகிற இடத்தில் பெரிய விசயம்தான். 12 வோல்ட், 7 அம்பியர்-மணி ஈயப் பற்றரியில் இருப்பது 84 வாட்-மணி. ஆயுள் குறையாமல் இருக்க அதில் பாதியைத்தான் எடுக்கலாம், ஆக 42. இரவும் காலையுமாக இருபது மணிநேரம் சும்மா கிடந்த பெட்டி அதில் 20 தொடக்கம் 30 வரை குடித்து முடித்துவிடும். பிள்ளைகள் வரும்போது மிச்சம் பாதியோ அதிலும் குறைவோதான்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்வலையோடு தொடுக்கப்படாமல் டீசல் இயந்திரத்தை நம்பி இருந்து வந்தவை. இந்திய நன்கொடையில் அங்கே அமைக்க 2024 மார்ச்சில் ஒப்பந்தமான கலப்புத் திட்டத்தில் 1,700 கிலோவாட் சூரியம், 530 கிலோவாட் காற்று, 2,400 கிலோவாட்-மணி பற்றரி, துணைக்கு 2,500 கிலோவாட் டீசல் என்று கணக்கு. அவர்கள் கிலோவாட்டில் பார்க்கிற கணக்கைத்தான் நான் வாட்டில் பார்க்கிறேன். குறிகட்டுவானில் படகேறிப் போய்த் திருத்த வேண்டிய பெட்டி என்றால், புறப்படுவதற்கு முன்னமே இதெல்லாவற்றையும் சரிபார்த்துவிட வேண்டும்.

வேகத்துக்கு வருவோம். பிள்ளைகள் உணர்கிற வேகம் கருக்களிலிருந்து வருவதில்லை. பை 3 வரைக்கும் இணையக் கேபிளும் யூஎஸ்பி வாய்களும் ஒரே யூஎஸ்பி 2 பாதையைப் பங்குபோட்டன. பை 4 இணையக் கேபிளைத் தனியாக்கியது, யூஎஸ்பி 3 வாய்கள் இரண்டும் ஒற்றைப் பாதையில் நின்றன. பை 5இல் இந்த வாய்களையெல்லாம் பிரதான சிப்பிலிருந்து பிரித்து, ஆர்பி1 என்று தாங்களே வடிவமைத்த தனிச் சிப்பிடம் கொடுத்துவிட்டார்கள். 2016இல் தொடங்கிய வேலை, ஒன்றரைக் கோடி டொலர் முடிந்ததாம். இதெல்லாம் போக ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதை வெளியே விடப்பட்டிருக்கிறது. அதில் 2024 மேயில் வந்த 12 டொலர்த் துணைப்பலகையைப் பூட்டி எஸ்எஸ்டி போடலாம். மெமரி கார்ட்டை நம்பியிருக்கிற காலம் அத்தோடு முடிந்தது. வகுப்பே ஒன்றாகத் தேடும்போது பக்கம் சுற்றிக்கொண்டு நின்றது, இப்போது நிற்பதில்லை.

பை 5 பலகையின் மின்பசிதான் எனக்குத் தலையிடி. பை 5 கேட்பது 5 வோல்ட்டில் 5 அம்பியர். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் ஆசையோடு நல்ல சார்ஜர்கள் கொண்டுவந்து தருவார்கள், 65 வாட், 100 வாட் என்று. அந்த வாட் எல்லாம் 9, 15, 20 வோல்ட்டில்தான். 5 வோல்ட்டில் அவை தருவது 3 அம்பியர், ஆக 15 வாட். பை அதைக் கண்டுபிடித்து, யூஎஸ்பி வாய்கள் எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து 600 மில்லி அம்பியரோடு நிறுத்திவிடும். வெளியே கொழுவிய ஹார்ட் டிஸ்க் இக்கட்டில் மாட்டும். “65 வாட் எண்டு போட்டிருக்கு, பிறகேன் காணாதெண்டுது?” என்ற கேள்விக்குப் பதில் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

சோலர்ப் பற்றரியில் ஓட்டும்போது இது வேறுமாதிரி. 12ஐ 5ஆக இறக்குகிற கொன்வேட்டருக்குப் பேசத் தெரியாது. தன்னால் 5 அம்பியர் தர முடிந்தாலும் அதைப் பைக்குச் சொல்லாது. ஆகவே மின்வழங்கி 5 அம்பியர் தரும் என்று பையின் அமைப்பில் நாங்களே எழுதிவைக்க வேண்டும். எழுதிவிட்டு மெல்லிய வயர் போட்டால் எல்லாம் வீண். போகவரச் சேர்த்து 0.2 ஓம் தடை இருந்தாலே, 3 அம்பியர் ஓடும்போது 0.6 வோல்ட் வழியிலேயே போய்விடும். பலகைக்கு எட்டுவது 4.4. ஏறத்தாழ 4.63க்குக் கீழே இறங்கினால் பை முறையிடத் தொடங்கும். கொன்வேட்டரைப் பற்றரிக்குப் பக்கத்தில் வைக்காமல் பைக்குப் பக்கத்தில் வைத்து, 12 வோல்ட்டைத்தான் தூரம் ஓடவிட வேண்டும்.

சூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள் விற்கும் குளிரூட்டி, அலுமினியத் தகட்டில் சின்ன விசிறி, நல்லாய் வேலை செய்யும். ஆனால் கடற்காற்றில் விசிறி வைத்த எதையும் நான் நம்புவதில்லை. உப்பும் புழுதியும் சேர்ந்து முதலில் பிடிப்பது விசிறியின் அச்சைத்தான். அலுமினியத்திலும் வெள்ளைப் பொடி பூக்கும். முழுப் பலகையையும் தழுவுகிற கனத்த உலோகப் பெட்டியில் விசிறியில்லாமல் பூட்டி, வேகத்தைக் கொஞ்சம் குறைத்து விடுகிறேன். மூன்று மடங்கில் ஒன்றைக் கடலுக்குக் கொடுத்தால் போகிறது.

ஒரு மனத்தாங்கலும் உண்டு. பாட்டுப் பெட்டி வயர் செருகுகிற 3.5 மில்லிமீற்றர் வாயை எடுத்துவிட்டார்கள். மலிவான ஸ்பீக்கரைக் கொழுவிச் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை போட்டுக் காட்டி வந்தோம். இப்போது அதற்கு யூஎஸ்பியில் தனியே ஒன்று வாங்க வேண்டும். கமராவின் தட்டைக் கேபிளும் 15 முனையிலிருந்து 22க்கு மாறிவிட்டதால் பழையவை பொருந்தா. வாய்கள் இடம்மாறியதால் பழைய பெட்டிகளும் பொருந்தா.

ஆகவே பை 4கள் எல்லாவற்றையும் நான் தூக்கி எறியவில்லை. மின்வலையில் நின்று, நாலைந்து பேர் மட்டும் வாசிக்கிற இடத்துக்கு அது போதும். சோலர் இடங்களுக்கு 2024 ஓகஸ்டில் 50 டொலருக்கு வந்த 2 ஜிபி பை 5. பாவிக்காத பகுதிகளை வெட்டிவிட்ட புதுச் சிப்போடு வந்தது அது, எங்கள் வேலைக்கு அந்த நினைவகம் தாராளம். 2025 டிசெம்பரில் நினைவகச் சிப்புகளின் விலையேற்றத்தால் அதுவும் 55 ஆனது. ரூபாவில் இங்கே வந்து சேரும்போது அது எவ்வளவாகும் என்பது கப்பலையும் வரியையும் பொறுத்தது.

அடுத்த தலைமுறையில் எனக்கு வேகம் வேண்டாம். 12 வோல்ட்டை நேரடியாக வாங்கிக்கொள்ளும் வாய் ஒன்று போதும். அவர்களுக்கு இது தெரியாததுமல்ல. பையின் இன்னொரு வடிவமாக 2020இல் வந்த கம்பியூட் மொடியூல் 4க்கான அடிப்பலகையில் 12 வோல்ட் செருகி இருந்தது, பிசிஐ வாயைப் பாவிக்காவிட்டால் 26 வோல்ட் வரை தாங்கும் என்றும் எழுதியிருந்தார்கள். 2024இல் வந்த ஐந்தாவதின் அடிப்பலகையில் அதை எடுத்துவிட்டு யூஎஸ்பி-சி வைத்துவிட்டார்கள். அதனால் அடுத்த பெட்டிக்கும் கொன்வேட்டர் ஒன்று வாங்கத்தான் வேண்டும்.