நாங்கல்லாம் 'தானே'யையே பார்த்தவங்க!

எனக்குச் சொந்த ஊர் பண்ருட்டி பக்கம். தானே புயல் வந்தபோது எனக்கு எட்டு வயசு. 2011 டிசம்பர் 30 காலையில் அது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தால் தாத்தாவின் தோப்பில் ஒரு பலாமரம்கூட நிற்கவில்லை. முந்திரி மரங்கள் வேரோடு மல்லாந்து கிடந்தன. அதைப் பார்த்து வளர்ந்ததால், மழை காற்று என்று யாராவது பயந்தால் உள்ளுக்குள் எனக்கு ஒரு நக்கல் வரும். அந்த நக்கல் எப்படி ஒழிந்தது என்பதுதான் இந்தக் கதை.

2022 மே 21, சனிக்கிழமை. கனடாவில் ஒட்டாவா நகரம். பி.காம் முதல் வருஷம் முடிந்து லீவு. விக்டோரியா தினத்தையொட்டிய நீண்ட வாரக்கடைசி என்பதால் ஊரே அரைக்கால் சட்டையோடு வெளியில் திரிந்தது. அன்றைக்குப் புழுக்கமான புழுக்கம். "அட, நம்ம ஊர் மாதிரியே இருக்கே" என்று சந்தோஷம் வேறு!

மதியத்துக்கு மேல் போன் திடீரென்று அலறியது. கடுமையான இடிமழை வருகிறது, உடனே பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள் என்று அரசாங்க எச்சரிக்கை. இடிமழைக்கெல்லாமா அலாரம்? அறைத் தோழன் ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தான். "டேய், நாங்க தானேயையே பார்த்தவங்க" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு அரிசி வாங்கக் கிளம்பினேன். அவன் பஞ்சாபி. பாவம், ஒன்றும் புரிந்திருக்காது.

நான்கு வீடு தாண்டியிருப்பேன். மேற்கே வானம் காயம்பட்ட இடம் கன்றிப்போன மாதிரி கறுத்து வந்தது. காற்று சுத்தமாக நின்றது. எதிர்வீட்டுத் திண்ணையில் இருந்த வெள்ளைக்காரத் தாத்தா, ஒரு நாளும் என்னோடு பேசாதவர், கையை ஆட்டிக் கத்தினார். மரியாதைக்காகத்தான் அவர் பக்கம் போனேன். சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்து, நிலவறைப் படியில் இறக்கிவிட்டார். கதவைச் சாத்துவதற்குள் வெளியே ரயில் வருகிற மாதிரி ஒரு சத்தம்.

மொத்தமே சில நிமிஷங்கள்தான். மேலே வந்து பார்த்தபோது, நான் நடந்துகொண்டிருந்த நடைபாதையின் குறுக்கே ஒரு பெரிய ஊசியிலை மரம் படுத்திருந்தது. அப்போதுதான் கால் நடுங்க ஆரம்பித்தது.

இதற்கு டெரேச்சோ என்று பெயராம். ஸ்பானிஷில் 'நேர்' என்று அர்த்தம். சுழன்று வீசும் சுழற்காற்றிலிருந்து பிரித்துக் காட்ட, அயோவா பல்கலைக்கழகப் பேராசிரியர் குஸ்தாவஸ் ஹின்ரிக்ஸ் 1888-ல் வைத்த பெயர். இடிமேகங்கள் வரிசை கட்டி வரும். மழையால் குளிர்ந்த காற்று கீழே தொப்பென்று விழுந்து, தரையோடு முன்னால் பாயும். பாய்கிற வழியில் இருக்கும் சூடான ஈரக்காற்றை மேலே தள்ளும். அதிலிருந்து புது மேகம், மறுபடியும் அதே கதை. அன்றைக்கு ஒன்டாரியோவின் தென்மேற்கு மூலையில் தொடங்கி, கியூபெக் வரை சுமார் 1,000 கி.மீ. இப்படியே ஓடியிருக்கிறது. ஒட்டாவா பக்கம் சில இடங்களில் 190 கி.மீ. வேகம் என்று பிறகு கணக்கிட்டார்கள். இறந்தவர்கள் பத்துப் பேருக்கு மேல். பலர் மரம் விழுந்தே போனவர்கள்.

நம்ம ஊர்ப் புயல் கடலில் நாள்கணக்கில் ஊறி, பெயர் வைத்துக்கொண்டு, ரேடியோவில் சொல்லிவிட்டு வரும். இது அன்றைக்கே தரையில் பிறந்து, அன்றைக்கே ஊரைப் புரட்டிவிட்டுப் போனது. எனக்கு ஒரு புயலைத் தெரியும். அதனால் எல்லாப் புயலையும் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் விஷயம்.

நகரில் மட்டும் சுமார் 1,80,000 இணைப்புகளில் கரண்ட் போனது. மெரிவேல் சாலையில் மின்கம்பங்கள் வரிசையாக விழுந்து, கார்களுக்குள் ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள். எங்கள் தெருவுக்கு ஆறு நாள் கழித்துத்தான் வெளிச்சம். பக்கத்துக் கடையில் கார்டு மிஷின் செத்துவிட்டது, காசு மட்டும்தான் வாங்கினார்கள். பேங்கில் பணம் இருந்தது, பாக்கெட்டில் ஒரு டாலர் இல்லை. 'லிக்விடிட்டி'க்கு வகுப்பில் இரண்டு மார்க் பதில் எழுதியவன் நான் :-) அந்தத் தாத்தாதான் ஃப்ரீசரில் இருந்த கறியெல்லாம் கெடுவதற்குள் முற்றத்தில் சுட்டு, தெருவுக்கே போட்டார். என் தட்டில் மட்டும் எப்போதும் ஒரு துண்டு கூடுதல்.

அம்மாவிடம் மறுநாள்தான் பேச முடிந்தது. முதலில் "சின்ன மழைம்மா" என்றேன். அப்புறம் மனசு கேட்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், தானே வசனம் உட்பட. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"உங்க தாத்தாவும் அன்னைக்கு ராத்திரி இதையேதான்டா சொன்னாரு. எத்தனை புயல் பார்த்திருக்கேன்னு தோப்புக் கொட்டகையிலயே படுத்துக்கிட்டாரு. உங்கப்பாதான் போயி, கிட்டத்தட்ட தூக்கிட்டு வந்தாரு. காலையில பாத்தா கொட்டகை மேல பலாமரம் கெடக்கு."

பத்து வருஷத்துக்கு மேலாக எனக்கு இது தெரியாது. மரம் விழுந்த கதையை மட்டும்தான் தாத்தா சொல்லியிருக்கிறார். இழுத்து வந்த கதையைச் சொன்னதே இல்லை.

மக்களே, உங்கள் போன் அலறினால் முதலில் உள்ளே போங்கள். அரிசி அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.