கபடியும் மண்ணீரலும்

என் மகள் வயிற்றுப் பேரன் ராசிபுரத்தில் படிக்கிறான். கபடி என்றால் உயிர். போன வருடம், பதினொன்றாம் வகுப்பில், விடாத காய்ச்சல். தொண்டையில் வெள்ளை படிந்து, கழுத்தில் இரண்டு பக்கமும் நெறிகட்டிக்கொண்டது. முதலில் காட்டிய இடத்தில் அமாக்ஸிசிலின் கொடுத்தார்கள். உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு. சேலத்து டாக்டர் ஒருவர் அந்தத் தடிப்பைப் பார்த்ததுமே சந்தேகப்பட்டு ரத்தம் எடுக்கச் சொன்னார். இன்ஃபெக்‌ஷியஸ் மோனோநியூக்ளியோசிஸ்.

பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இது தெரிந்த நோய்தான். அந்த மொழியில் 'மலதீ து பெஸே', அதாவது முத்த நோய். வீட்டில் இதைச் சொல்லவில்லை, பையன் மானம் போய்விடும்! எச்சிலில் பரவுவது, ஒரே தண்ணீர் பாட்டிலை நாலு பேர் வாய் வைத்துக் குடித்தாலே போதும். நம் பக்கம் பெரும்பாலும் சின்ன வயதிலேயே சத்தமில்லாமல் வந்து போய்விடும். விடலை வயதில் முதன்முதலாக வந்தால்தான் இப்படிப் படுத்துகிறது.

பன்னிரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. அடுத்த வாரம் மாவட்ட அணித் தேர்வு.

"அப்புச்சி, நல்லாத்தானே இருக்கேன். டாக்டர்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

டாக்டர் அசையவில்லை. காய்ச்சல் போனாலும் மண்ணீரல் வீங்கியே இருக்கும் என்றார். இடப்பக்க விலா எலும்புக்கு உள்ளே பத்திரமாக இருக்க வேண்டியது, வீங்கினால் கீழே இறங்கும், மெலிந்துபோகும். கிழிவது அபூர்வம்தான், ஆனால் கிழிந்தால் உள்ளுக்குள் ரத்தம் கொட்டி உயிருக்கே ஆபத்து. முதல் மூன்று வாரத்தில்தான் அதிகம் நடக்கிறதாம், சில சமயம் அடியே படாமல். கையால் அமுக்கிப் பார்த்து நிச்சயமாகச் சொல்லவும் முடியாதாம். கபடியில் பாடிப் போகிறவன்மேல் நாலு பேர் விழுகிறார்கள். ஆரம்பித்த நாளிலிருந்து குறைந்தது நாலு வாரம் கூடாது, கனமான பொருளையும் தூக்கக் கூடாது என்றார்.

பையன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

டென்னிஸ் ஃபெடரருக்கு 2008 தொடக்கத்தில் இதே நோய். அந்த வருடமே அமெரிக்க ஓப்பனை வென்றார். அவனுக்கு அந்தக் கதை பிடித்தது. ஸோடெர்லிங் கதையையும் சொன்னேன். பிரெஞ்சு ஓப்பனில் நடாலை முதன்முதலாகத் தோற்கடித்த ஸ்வீடன்காரர். 2011 ஜூலையில் ஒரு பட்டம் வென்றார். இந்த நோய் வந்து, அதன்பின் ஒரு போட்டிகூட ஆடவில்லை. 2015இல் ஓய்வை அறிவித்தபோது வயது 31.

தேர்வு போனது போனதுதான். நாலாவது வாரம் என்னோடு நடந்தான், பிறகு மெல்ல ஓட்டம். அசதி வந்தால் அன்றைக்கு அத்தோடு சரி. டாக்டர் மறுபடி பார்த்துச் சரியென்ற பிறகு, ஆறாவது வாரம் களத்தில் இறங்கினான். முதல் பாட்டிலேயே மூச்சு விட்டுப்போய் அவுட். இந்த வருடத் தேர்வுக்குப் பெயர் கொடுத்திருக்கிறான்.