எட்டாத வயர்

‘வயர் வெச்ச கன்ட்ரோலரா, வயர்லெஸ்ஸா... எது வாங்கலாம் சித்தப்பா?’

உங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி வந்திருக்கும். என்னைக் கேட்டவன், பிள்ளையார்பாளையத்தில் இருக்கும் என் பெரியம்மா பையனின் மகன். பி.காம். படித்த புத்தி சும்மா இருக்குமா? நோட்டில் கோடு கிழித்து வரவு செலவு எழுதினேன்.

வயர் என்றால் விலை குறைவு, சார்ஜ் தீராது. வயர்லெஸ் என்றால் எங்கேயும் உட்காரலாம், பாட்டி தடுக்கி விழ மாட்டார். தாமதம்? முன்பெல்லாம் அகச்சிவப்புக் கதிர் கன்ட்ரோலரைப் பெட்டிக்கு நேராகப் பிடித்தாக வேண்டும். 2002-ல் நின்டெண்டோ ‘வேவ்பேர்ட்’ ரேடியோ அலைக்கு மாறியது. 2006-ல் பிளேஸ்டேஷன் 3 புளூடூத்தோடு வந்தது. இன்றைய நல்ல கன்ட்ரோலரை விடப் பல சமயம் டி.வி.தான் சோம்பேறி. அதில் ‘கேம் மோடு’ போட்டால் சரியாகிவிடும்.

எழுதி முடித்ததும் 1992 கோடை விடுமுறை ஞாபகம் வந்துவிட்டது.

மெட்ராஸிலிருந்து ஒரு வீடியோ கேம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். ஜப்பானில் 1983-ல் வந்த ‘ஃபேமிலி கம்ப்யூட்டரின்’ நகல். வயர் குட்டை. டி.வி.க்கு மூக்கை ஒட்டி உட்கார வேண்டும். கூடத்தின் மறுகோடியில் குழித்தறி. கோர்வைப் புடவைக்கு மூணு நாடா, ரெண்டு ஆள். பெரியப்பா நெய்ய, எதிர்ப்பக்கத்திலிருந்து கரைக்கு நாடா தள்ளுவது பதினாலு வயது அண்ணன். ஸ்கூலை நிறுத்தி ஒரு வருஷம்.

“இன்னும் பத்தடி வயர் இருந்தா நானும் ஆடுவேன்டா” என்றார். நானும் நம்பினேன். வயர் எட்டினாலும் கை எங்கே சும்மா இருந்தது என்று அப்போது யோசிக்கவில்லை. விடுமுறை முடிந்து பெட்டியோடு ஊர் திரும்பிவிட்டேன். அண்ணன் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

போன மாதம் ரெண்டு வயர்லெஸ் கன்ட்ரோலரோடு போனேன். தறி அதே இடத்தில். அண்ணனுக்கு எதிரே இப்போது அண்ணி. பையன் பாலிடெக்னிக் படிக்கிறான். அவனைத் தறியில் உட்கார வைக்கவே இல்லை அண்ணன்.

“அப்பா, அங்கிருந்தே ஆடுங்க. எட்டும்” என்று ஒன்றை நீட்டினான்.

அண்ணன் நாடாவை வைத்தார். குழியிலிருந்து எழுந்தார். நேராக வந்து, டி.வி.க்கு மூக்கை ஒட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“வயரே இல்லையே, ஏன் இவ்ளோ கிட்ட?” என்றேன்.

“நீ அன்னிக்கு இங்கதானடா உக்காந்திருந்த.”

இன்னொரு கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். மூணு ஆட்டம். மூணிலும் அண்ணன்தான் ஜெயித்தார். சத்தியமாக நான் விட்டுக்கொடுக்கவில்லை!