பெட்டியோடு வந்த காவல்

வீடு கட்டி விற்பவன் வாயிற் கதவுக்குப் பூட்டையும் பொருத்தியே விற்பானாயின், அத்தெருவிற் பூட்டு விற்றுப் பிழைப்பவன் முறையிடுதற்கு நியாயம் உண்டோ? பூட்டில்லாக் கதவை எவரும் முழுமையான கதவெனக் கொள்ளார். எனினும் ஊரில் வீடு கட்டுபவன் ஒருவனே ஆயின் வினா வேறாகிவிடும். விண்டோஸ் எனும் பணிசெயல் முறைமையோடு வைரஸ் எதிர்ப்பு மென்பொருளையும் விலையின்றிச் சேர்த்து வழங்குதல் தகுமா என்பது இத்தகையதொரு வினாவே. பிரசெல்சிலும் மொஸ்கோவிலும் இதனை நிறுவனங்கள் வழக்காக எடுத்துச் சென்றன. கொழும்பிலோ இது கொட்டாஞ்சேனைத் திருத்துநர் ஒருவரின் மாத வருவாயிலும், வெள்ளவத்தை ஒளிப்பிரதிக் கடையொன்றின் பழைய கணினியிலும் தீர்க்கப்பட்டது.

அத்திருத்துநர் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் உதிரிப்பாகங்களை வாங்கி, வீடு வீடாகச் சென்று கணினி திருத்துபவர். திருத்தக் கூலி ஒரு மாதம் வரும், மறுமாதம் வராது. நிலையான வருவாய் வைரஸ் எதிர்ப்பு மென்பொருளின் ஆண்டுத் திறப்புகளிலிருந்தே கிடைத்தது. 'கீ' என வழங்கும் அவ்வெண்ணெழுத்துக் கோவையை வெள்ளவத்தையிலுள்ள யாழ்ப்பாணத்து வாடிக்கையாளர் சிலர் 'திறப்பு' என்றே கூறுவர். ஒவ்வொன்றிலும் சில நூறு ரூபாய் கையில் நிற்கும். ஆண்டு முடிய அதே வீட்டுப் படியை மீண்டும் மிதிக்கக் காரணமும் கிடைக்கும். அவ்வாடிக்கையாளருள் ஒருவரே, காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் ஒளிப்பிரதிக் கடை நடத்தும் முதியவர்.

ஒளிப்பிரதிக் கடை கணினி நோய்கள் கூடும் சந்தியாகும். மாணவரின் ஆய்வேடு, வெளிநாடு செல்வோரின் கடவுச்சீட்டுப் பிரதி, கலியாண அழைப்பிதழ், மரண அறிவித்தல் யாவும் பென்டிரைவில் ஏறி அங்கு வந்து சேரும். செருகிய மாத்திரத்தே அதிலுள்ள நிரலை இயக்கத் துணைபுரியும் வசதியொன்றை விண்டோஸ் அந்நாளிற் கொண்டிருந்தது. 2008 நவம்பரில் வெளிப்பட்ட கொன்ஃபிக்கர் இவ்வழியாலும் பரவலாயிற்று. பழைய விண்டோஸ்களில் அவ்வசதியை முடக்கும் திருத்தத்தை மைக்ரோசொஃப்ட் தனது வழமையான இற்றைப்படுத்தல்களோடு அனுப்பியது 2011 பெப்ரவரியிலேதான். காவலனை இனாமாகத் தருபவரே கதவைத் திறந்து வைத்தவரும் ஆவார் என்பது ஈண்டு நோக்கற்பாலது.

இணைத்து வழங்குதல் புதிய வழக்கமன்று. 1993 இல் எம்.எஸ். டொஸ் 6.0 உடன், பிறிதொரு நிறுவனத்திடம் உரிமம் பெற்ற வைரஸ் எதிர்ப்பு நிரலொன்று கூடவே வந்தது. 2006 இல் மைக்ரோசொஃப்ட் 'வன் கெயார்' என்னும் பெயரில் ஆண்டுச் சந்தாவுக்குக் காவல் விற்றுப் பார்த்தது. அது நிலைக்கவில்லை. பின்னர் 2009 செப்டெம்பரில் 'செக்கியூரிட்டி எசென்ஷியல்ஸ்' விலையின்றி வெளியாயிற்று. விலை இல்லையாயினும் நிபந்தனை ஒன்று இருந்தது. பெறுவோரின் விண்டோஸ் உரிமம் உடையதாயிருத்தல் வேண்டும். மென்பொருள் உற்பத்தியாளரின் கூட்டமைப்பான பீ.எஸ்.ஏ. இலங்கையில் 2011 ஆம் ஆண்டு உரிமமற்ற மென்பொருளின் பங்கினை நூற்றுக்கு 84 என மதிப்பிட்டது. விற்பவரே எடுத்த கணக்கு என்பதாற் சற்றுக் குறைத்துக் கொள்ளினும், இந்நாட்டுக் கணினிகளிற் பெரும்பாலானவை அந்த இனாமுக்கு உரித்துடையனவாயிருக்கவில்லை என்பது தெளிவு. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் காத்தது. ஆயினும் சட்டத்துக்கும் சம்பளத்துக்கும் இடையே கிடந்த தூரம் பெரிது. எனவே கொட்டாஞ்சேனைத் திருத்துநரின் திறப்புகள் தொடர்ந்தும் விலைபோயின.

2012 ஒக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 8 இந்நிலையை மாற்றியது. டிஃபெண்டர் என்னும் காவல் நிரல் முறைமைக்குள்ளேயே முழுமையாகப் பொதிந்து வந்தது. வேறு காவல் இல்லையெனில் அது தானே பொறுப்பேற்கும். சில ஆண்டுகளில் வெள்ளவத்தைக் கடைக்காரரும் விண்டோஸ் 10 பொருத்தியதொரு கணினியை வாங்கினார். வழமை போல் ஆண்டுத் திறப்போடு வந்த திருத்துநருக்கு அவர் தேநீர் கொடுத்துச் சொன்னது இவ்வளவே: "தம்பி, இனி உந்தத் திறப்பு வேண்டாம். பெட்டியோடை வந்ததே காணும்." அதில் அவமதிப்பு இருக்கவில்லை. மிச்சம் பிடித்த ஒருவரின் நிம்மதி மட்டுமே இருந்தது. "சரி ஐயா" என்று கூறித் திருத்துநர் திறப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவ்வாண்டில் அவருக்கு அவ்விதம் கதவடைத்த வீடுகள் பல.

ஐரோப்பாவில் இதே முறைப்பாட்டைப் பெரிய நிறுவனங்கள் பெரிய மொழியிற் கூறின. விண்டோஸோடு ஒலி, ஒளி இயக்கியைச் சேர்த்தமைக்காக ஐரோப்பிய ஆணைக்குழு 2004 இல் மைக்ரோசொஃப்டைக் கண்டித்தது. போட்டியாளருக்குத் தகவல் மறுத்தமையையும் சேர்த்து விதித்த அபராதம் 497 மில்லியன் யூரோ. காவல் மென்பொருள் குறித்தோ அத்தகைய தீர்ப்பு எழவில்லை. 2016 நவம்பரில் கஸ்பெர்ஸ்கி நிறுவனம் ரஷ்யாவிலும், 2017 ஜூனில் ஐரோப்பிய ஆணைக்குழுவிடமும் முறையிட்டது. விண்டோஸ் 10 க்கு மாறுகையிற் பிறரது காவல் அகற்றப்பட்டு டிஃபெண்டர் அமர்த்தப்படுகின்றது என்பது அதன் குறை. சில மாற்றங்களுக்கு மைக்ரோசொஃப்ட் இணங்கவே, 2017 ஓகஸ்டில் முறைப்பாடு கைவிடப்பட்டது. கஸ்பெர்ஸ்கிக்கு இணக்கம் கிடைத்தது. கொட்டாஞ்சேனைக்கு அதிற் பங்கில்லை.

மறுபக்க நியாயமும் உண்டு. முறைமையின் கருவறைக்குள் அந்நியக் காவலரை விடுதல் ஆபத்தென்ற வாதம் வெறும் சாட்டன்று. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய பிழையான இற்றைப்படுத்தல் ஒன்றினால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. அது வெளியிலிருந்து அமர்த்தப்பட்ட காவலனே. அதுமட்டுமன்று, 2022 மார்ச்சில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் சில வாரங்களுள் 350 ரூபாயைத் தாண்டியபோது, இறக்குமதித் திறப்புகளை வாங்க வெள்ளவத்தையில் எவருக்கு மனம் வந்திருக்கும்? விலையற்ற காவல் அவ்வாண்டிற் பலருக்கு ஒரே காவலாயிற்று.

எனினும் அக்காவலன் யாருடைய ஆள் என்ற கேள்வி எஞ்சுகின்றது. இதன் விடையைத் திருத்துநர் தம் தொழிலிலேயே கண்டார். அவரிடம் வரும் கணினிகளிற் பலவற்றில் டிஃபெண்டர் வேண்டுமென்றே அணைக்கப்பட்டிருந்தது. காரணம் யாதெனில், உரிமமற்ற விண்டோஸை இயங்கச் செய்யும் சிறு நிரல்களை டிஃபெண்டர் தீயன எனப் பிடித்துவிடும். ஆகவே திருட்டுப் பிரதி ஏற்றுபவர் முதலிற் காவலனை உறங்கச் செய்வர். வேலை முடிந்தபின் பலர் எழுப்ப மறந்துவிடுவர். இதில் டிஃபெண்டர் மீது முழுப் பழியும் சுமத்தல் தகாது. அத்தகைய நிரல்களுட் சில மெய்யாகவே நோய் சுமப்பன. ஆயினும் வீட்டுக்காரனின் பொருளையும் வீடு விற்றவனின் பாக்கியையும் ஒரே ஆள் காக்கும்போது, வாங்க வசதியற்றவன் காவலின்றியே உறங்குகின்றான். காவல் எப்போது வரும், எந்நிபந்தனையில் நிற்கும், எதுவரை நீடிக்கும் என்பனவற்றை வாங்குபவர் தீர்மானிப்பதில்லை. ஐரோப்பிய வழக்குரைகள் 'தெரிவு' என்ற சொல்லைச் சுற்றியே நடந்தன. இங்கோ தெரிவு செய்யப் பணம் உள்ளவர் சிலர்.

அரசாங்கமே இதற்கு விலக்கன்று. 2023 ஓகஸ்டில் இலங்கை அரச மின்னஞ்சல் முறைமை கப்பக் கோரிக்கைத் தாக்குதலுக்கு உள்ளாகியது. ஏறத்தாழ 5,000 முகவரிகளின் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் இழக்கப்பட்டன. அங்கு இயங்கியது காலங்கடந்த 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு என்றும், நிதிப் பற்றாக்குறையும் அதனைப் புதுப்பிக்கத் தடையாயிற்று என்றும் கூறப்பட்டது.

வெள்ளவத்தைக் கடையில் அதே பெட்டி இன்னும் ஓடுகின்றது. விண்டோஸ் 10 க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. டிஃபெண்டருக்கான வைரஸ் அடையாளங்கள் மட்டும் 2028 ஒக்டோபர் வரை அனுப்பப்படும் என மைக்ரோசொஃப்ட் அறிவித்துள்ளது. சுவரிற் புதிதாக விழும் வெடிப்பை வழமை போற் பூச ஆளில்லை. காவலனுக்கு மட்டும் சம்பளம் போகின்றது. அப்பெட்டியோ விண்டோஸ் 11 ஐ ஏற்கும் தகைமையற்றது. அச்சுப்பொறி திருத்த வந்த கொட்டாஞ்சேனைக்காரர் இதனை விளக்கி, லினக்ஸ் முறைமையைக் காசின்றி ஏற்றித் தருவதாகக் கூறினார். கடைக்காரர் திரையைப் பார்த்தார். மூலையிற் பச்சைக் குறி தெரிந்தது. "உது சரியெண்டுதானே காட்டுது தம்பி. பிள்ளையளின்ரை சோதனை முடியட்டும், பிறகு பாப்பம்" என்றார். வாசலில் நின்ற மாணவியொருத்தி பென்டிரைவை நீட்டினாள். அவர் வாங்கிச் செருகினார்.