பேருக்கு என்ன விலை?

பி.காமில் டிமாண்ட், சப்ளை என்று இரண்டு கோடு போட்டுக் காட்டுவார்கள். இரண்டும் முட்டிக்கொள்ளும் இடம்தான் விலையாம். அந்தப் படத்தில் வக்கீல் எங்கே சார்?

இங்கிலாந்தில் ஃபிரெடரிக் வால்ட்டன் என்று ஒருத்தர். பெயின்ட் டப்பாவில் ஆடை கட்டியிருந்ததைப் பார்த்து அவருக்கு ஒரு யோசனை. ஆளிவிதை எண்ணெயைக் கெட்டியாக்கி, தக்கைத்தூள் கலந்து, துணிமேல் அழுத்தித் தரைவிரிப்பாக்கினார். பெயர் லினோலியம். 1863-ல் பேட்டன்ட். 14 வருஷத்துக்குப் போட்டியே கிடையாது. இஷ்டத்துக்கு விலை வைக்கலாமே என்பீர்கள். ம்ஹூம். ரொம்ப ஏத்தினால், 'இதுக்குக் கம்பளமே வாங்கிடலாமே' என்பாள் வீட்டம்மா. கீழே பார்த்தால், பெயின்ட் பூசிய பழைய கான்வாஸ் விரிப்பு வேறு கடையில் தொங்குகிறது.

1877-ல் கெடு முடிந்தது. அதுவரை அந்தக் கான்வாஸ் விரிப்பு செய்துவந்த ஸ்காட்லாந்து நெய்ர்ன் கம்பெனி, லினோலியத்தில் இறங்கியது. வால்ட்டனின் கம்பெனி கோர்ட்டுக்கு ஓடியது. லினோலியம் என்கிற பேர் எங்களோடது, வேறு யாரும் தொடக்கூடாது என்று வழக்கு! பலே கில்லாடிகள். பேர் கையில் இருந்தால் பழைய விலையும் கையில் இருக்குமே. 'கெட்டி எண்ணெய்த் தக்கை விரிப்பு' என்று போர்டு போட்டால் எவன் வாங்குவான்?

1878-ல் நீதிபதி ஃப்ரை மசியவில்லை. இந்தச் சரக்குக்கு வேறு பேரே கிடையாது, பேட்டன்ட் போனால் பேரும் பொதுதான் என்றுவிட்டார்.

அப்புறமென்ன, நெய்ர்னின் ஊரான கிர்க்கால்டியே லினோலியம் ஊராகிவிட்டது. ரயிலில் வருகிறவர்களுக்கு ஸ்டேஷன் பேரை எண்ணெய் வாசனையே சொல்லிவிடுமாம்.