பழைய வானொலிப் பெட்டிக்குப் புதுவாழ்வு

கடற்காற்று வெள்ளவத்தை மக்களுக்கு வாய்த்த பேறு. ஆயினும் மரப்பொருள்களுக்கு அதுவே பகை. காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒழுங்கைகளில் உப்பும் ஈரமும் கலந்த காற்று வீசாத நாளில்லை. அங்குள்ள பழைய வீடுகள் சிலவற்றில் வால்வு வானொலிப் பெட்டிகளை இன்றும் காணலாம்.

கொழும்பில் வானொலி ஒலிபரப்பு 1925 டிசம்பரில் தொடங்கியது. பின்னாளில் இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு பாக்கு நீரிணையைக் கடந்து தமிழக இல்லங்களையும் எட்டிற்று. அக்குரலைக் கேட்கக் குடும்பம் முழுவதும் கூடியிருந்த பெட்டிகள் இவை. 1983 ஜூலையில் வெள்ளவத்தையில் தமிழர் இல்லங்கள் பல தீக்கிரையாயின. உறவினர் வீட்டிலிருந்தமையால் அன்று தப்பிய பெட்டியொன்று எமது நண்பரிடம் உண்டு. அவருடைய தந்தையாரின் பொருளாக எஞ்சியிருப்பது அது ஒன்றே. அதன் மேற்பரப்பு கொப்புளித்து, ஓரங்கள் பெயர்ந்துவிட்டன. அதனை எடுத்துக்கொண்டு நாம் இருவரும் கொட்டாஞ்சேனைக்குச் சென்றோம்.

புனித லூசியாள் பேராலயத்தின் பெரிய குவிமாடத்தைக் கடந்து, ஒரு சந்தினுள் திரும்பினால் சிறியதொரு தச்சுப் பட்டறை. முதிய தச்சர் பெட்டியைத் தடவிப் பார்த்தார்.

“மாஸ்டர், இது முழு மரமென்று எண்ணிவிடாதீர்கள். உள்ளே ஒட்டுப்பலகை, மேலே இருப்பது வெறும் தோல்” என்றார்.

அத்தோலே ‘வெனியர்’ எனப்படும் மரத்தகடு. அதன் கனம் ஒரு மில்லிமீற்றரிலும் குறைவு. விலங்குகளின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வச்சிரத்தால் அது ஒட்டப்பட்டிருந்தது. ஈரம் பட்டால் வச்சிரம் இளகும். பெட்டி கெட்டதற்குக் காரணம் அதுவே. ஆனால் அவ்வியல்பே செப்பனிடுவோனுக்குத் துணையாகிறது.

அவர் முதலில் உள்ளிருந்த மின்கருவியை அகற்றுவித்தார். மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரும் அதில் மின்னூட்டம் தங்கியிருக்கக்கூடும். ஆதலால் அது அறிந்தவர் செய்யவேண்டிய வேலை. பின்பு கொப்புளத்தின்மேல் ஈரத்துணியை விரித்து, இளஞ்சூடான மின்னழுத்தியை மெல்ல வைத்தார். பழைய வச்சிரம் இளகியது. மெழுகுத்தாளை இட்டு, அதன்மேல் பாரம் ஏற்றி, மறுநாள்வரை விட்டார். பசை அற்றுப்போன இடத்தில் மரவரி வழியே கூரிய கத்தியாற் கீறி, புதுப்பசையைச் செலுத்தினார். பெயர்ந்த ஓரத்துக்கு வரியொத்த தகட்டைப் படகு வடிவில் வெட்டிப் பொருத்தினார். வரிக்குக் குறுக்கே நேராக வெட்டினால் ஒட்டு உடனே கண்ணிற் படுமாம்.

அரத்தாளை அவர் பெரிதும் நாடவில்லை. சற்று மிகுதியாகத் தேய்த்தால் தகடு அழிந்து ஒட்டுப்பலகை தெரியும், பின்பு மீட்சியில்லை. இறுதியாக, மழையற்ற நாளொன்றில், மதுசாரத்திற் கரைத்த அரக்கைத் துணிப்பொதியால் மெல்லிய பூச்சுகளாகப் பலமுறை பூசினார். ஈரக்காற்றிற் பூசினால் மெருகு வெளிறிவிடும்.

பெட்டியின் பக்கத்தில் இருந்த ஆழமான கீறலொன்றை மட்டும் நண்பர் விட்டுவைக்கச் சொன்னார். சிறுவயதில் அவரே கீறியதாம். தச்சர் சிரித்தபடி அதன்மேலும் மெருகை ஏற்றினார்.

பழைய பெட்டியொன்று வீட்டிலிருப்பின், அதனை நிறைக்கு விற்பதற்குமுன் அன்பர்கள் இத்தகைய பட்டறையொன்றை நாடுவார்களாக. பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுதல் நன்று. பொறுமையும் ஒரு கைத்தொழில் என்பதை அவர்கள் நேரிற் காண்பார்கள்.