வீட்டுக் காரியங்கள்

'குடும்பக் கதை' என்பது நம் வட்டத்தில் கிட்டத்தட்ட ஒரு வசைச்சொல். காரணம் தெரிந்ததே. வாரப் பத்திரிகைகள் குடும்பத்தைச் சர்க்கரைப் பாகில் போட்டுப் பல வருஷங்கள் விற்றன. அதை எதிர்த்து எழுத வந்தவர்கள் பாகோடு குடும்பத்தையும் சேர்த்துக் கொட்டிவிட்டார்கள். நம் புதுக்கவிதையின் மனிதன் ஒரு அறையில் இருக்கிறான். அறைக்கு ஜன்னல் உண்டு. ஜன்னலுக்கு வெளியே வானம் உண்டு. குழாய் இல்லை. அவன் குடிக்கும் தண்ணீரை யார் பிடித்து வைத்தார்கள் என்ற பிரச்னை கவிதைக்குள் வருவதேயில்லை.

எனக்கு வாய்த்தது முத்தியால்பேட்டையில் ஒரு சிறிய வீடு. கீழே சம்ப்பு, மேலே தொட்டி, நடுவே ஒரு மோட்டார். 2015 செப்டம்பரிலிருந்து வங்கிகளுக்கு மாதத்தின் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகள் விடுமுறை. மற்றவை முழு வேலைநாட்கள். சேர்ந்தாற்போல் இரண்டு நாள் கிடைப்பது மாதத்தில் இரண்டே தடவை. போன மாதம் அப்படி ஒரு சனிக்கிழமைக்கு என் திட்டம்: பகலில் ஒரு கட்டுரையை முடிப்பது, மாலையில் ரோமன் ரோலான் நூலகம், ஞாயிறு காலை காந்தி வீதிச் சந்தையில் பழைய புத்தகங்கள். என் மனைவி விழுப்புரத்தில் அவள் அக்கா வீட்டுக்குப் போய் நான்கு மாதமாகிறது. அதற்கும் அந்தச் சனிக்கிழமைதான்.

வெள்ளி இரவு மோட்டார் ஓடியது, தண்ணீர் ஏறவில்லை. "மோட்டார் இழுக்குதுங்க, தண்ணி பிடிக்கல. ஃபுட்வால்வுல ஏதோ மாட்டியிருக்கு" என்றாள். பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன பிளம்பர் மாலை நான்கு மணிக்கு வந்தார். குழாயைக் கழற்றி, வால்வின் வாயில் சிக்கியிருந்த பிளாஸ்டிக் துண்டை எடுத்துக் காட்டி, அவள் சொன்னதையே சொன்னார். அதற்குள் மதியம் சிலிண்டர் தீர்ந்திருந்தது. கட்டுரை பாதியில் நின்றது. அதை அடுத்த விடுமுறையில் முடிக்கலாம் என்று அன்றிரவே பேசிக்கொண்டோம். விழுப்புரத்தைப் பற்றிப் பேச்சே எழவில்லை. என் நாள் போனால் அதற்கு நஷ்டம் என்று பெயர் இருக்கிறது. அவள் நாள் போனதற்குப் பெயரே இல்லை. பற்றும் வரவும் தினமும் எழுதுகிறவனுக்கு இந்தக் கணக்கு உறுத்துகிறது. பெயரில்லாத ஒன்றை இலக்கியம் எடுத்துக்கொள்ளாவிட்டால் வேறு எது எடுத்துக்கொள்ளும்?

இந்த ஊரிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. பாரதி 1908 முதல் 1918 வரை இங்கே இருந்தார். ஆங்கிலேய அரசின் கைக்கு எட்டாமல், பிரெஞ்சு ஆட்சியின் கீழ் நடத்திய குடித்தனம் அது. சிறுமியாக அந்த வீட்டுக்குப் போய்வந்த யதுகிரி அம்மாள் 'பாரதி நினைவுகள்' என்ற புத்தகம் எழுதினார். சமையலுக்கு வைத்திருந்த அரிசி குருவிகளுக்குப் போன கதை அதில் வருகிறது. கவியின் கருணைக்குச் சாட்சியாக அதைச் சொல்லிச் சொல்லி நாம் தேய்த்துவிட்டோம். செல்லம்மாவின் பக்கத்தில் நின்று பார்த்தால் அது ஒரு வீட்டு விபத்து. அன்றைக்கு உலையில் போட என்ன மிச்சம் என்ற கேள்வி அவருடையது.

பாரதிக்கு இது தெரியாமலில்லை. 1916 நவம்பரில் புதுச்சேரியைத் தாக்கிய புயலைப் பற்றிய 'புயற்காற்று' கவிதையில் பேசுகிறவர்கள் ஒரு கணவனும் மனைவியும்தான். அண்டம் அதிர்வதும் அதில் உண்டு. ஆனால் எனக்கு அந்தக் கவிதை உயிர் பெறுவது, முந்தின நாள்வரை குடியிருந்த வீட்டிலேயே இன்றும் இருந்திருந்தால் என்ன கதி என்று அவர்கள் நினைத்துப் பார்க்கும் இடத்தில். வீடு மாறியது என்ற வெறும் குடும்பக் காரியம் அங்கே பிரபஞ்ச பயத்தைத் தாங்கி நிற்கிறது. நம் நவீனர்கள் அந்த வரிகளை நீக்கிவிட்டு இருளையும் காற்றையும் மட்டும் வைத்துக்கொண்டிருப்பார்கள்.

2024 நவம்பர் 30, சனிக்கிழமை இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் இங்கே பெய்த மழை சுமார் 48 சென்டிமீட்டர். கிருஷ்ணா நகரில் வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்க ராணுவம் வந்தது. அன்றிரவு, மின்சாரம் போன பிறகு, என் மனைவி கேட்டவை இவை: தெருத்தண்ணீர் சம்ப்பு மூடிக்கு மேலே வந்துவிட்டதா, இருக்கிற மாவு எத்தனை வேளைக்கு வரும், எதிர்வீட்டு ஆயா தனியாகவா இருக்கிறார். இவற்றில் கவிதை எங்கே முடிகிறது, குடும்பக் கதை எங்கே ஆரம்பிக்கிறது என்று கோடு கிழிக்கத் தெரிந்தவர் நம்மிடையே இருந்தால் எழுதட்டும். விவாதிக்கத் தயாராயிருக்கிறேன்.